பாவித்த எஞ்சின் ஒயிலை லொறியில் ஏற்றிச் செல்லுதல்: விதிகளும் எமது நிலத்தடி நீரும்



சூழல் மாசடைதல் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது உங்களிற் பலர் தொழிற்சாலைப் புகை, பிளாஸ்ரிக், விவசாய இரசாயனம் ஆகிய மூன்றையும் எழுதிவிட்டு நின்றுவிடுகிறீர்கள். அது பிழையன்று. ஆனால் "உமது பிரதேசத்திலிருந்து ஓர் உதாரணம் தந்து விளக்குக" என்று வினா தொடரும்போது பேனா நகர மறுக்கிறது. அதற்காகவே இந்த விடயத்தைத் தெரிவு செய்தோம். பாவித்த எஞ்சின் ஒயில் எங்கள் ஒவ்வொரு சந்தியிலும் உள்ள பொருள். மோட்டார் சைக்கிள் திருத்துமிடத்தில் கறுப்பாக ஒரு தகரத்தில் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது அங்கிருந்து எங்கே போகிறது, யார் கொண்டு போகிறார், அவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதே இப்பாடம்.

முதலில், அது ஏன் கழிவு?

எஞ்சினின் உள்ளே உராய்வைக் குறைப்பதே ஒயிலின் வேலை. ஓடும்போது உலோகப் பாகங்கள் தேய்ந்து அதன் துகள்கள் ஒயிலிற் சேர்கின்றன. எரியாத எரிபொருளும் கரியும் சேர்கின்றன. ஒயிலுடன் தயாரிப்பாளர் கலந்த நாகம் முதலிய சேர்க்கைப் பொருள்களும் அதிலேயே இருக்கின்றன. வெப்பத்தால் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பல்வளைய ஐதரோகாபன்களும் உருவாகின்றன. ஆகவே போத்தலிலிருந்து ஊற்றும்போது பொன்னிறமாக இருந்த ஒயிலும் கழற்றி எடுக்கும் கறுப்பு ஒயிலும் ஒரே பொருள் அல்ல.

ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து சுமார் ஒரு லீற்றர், ஒரு காரிலிருந்து சுமார் நான்கு லீற்றர், பெரிய லொறி அல்லது பஸ்ஸிலிருந்து பத்து லீற்றருக்கும் மேல் ஒவ்வொரு முறையும் வெளிவருகிறது. ஒரு லீற்றர் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் தரும் கணக்கு ஒன்று உண்டு: ஒருமுறை மாற்றப்படும் ஒயில் தன்னைப் போல் பத்து இலட்சம் மடங்கு நன்னீரைக் கெடுக்கவல்லது. 200 லீற்றர் பரல் ஒன்று கவிழ்ந்தால் என்ன என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் இது ஏன் இரட்டிப்புப் பாரதூரமானது?

இப்பகுதியைப் புவியியல் மாணவர்கள் ஆறுதலாக வாசிக்க வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வடகீழ்ப் பருவமழை தரும் நீர் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குழிவுகளிலும் தேங்கி நிற்கிறது. அதையே கிணறுகளில் அள்ளுகிறோம். குடிப்பதும் அதுவே, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அதுவே. இந்நன்னீர், கடலிலிருந்து உட்புகும் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்தது என்பதே காரணம்.

வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவாக உறிஞ்சும். அதற்குக் கீழே இருப்பது கரைந்து துளைபட்ட கல். ஆற்று நீர் மாசடைந்தால் சில காலத்தில் ஓடிப் போய்விடும். மணற்படுக்கையாயின் ஓரளவு வடிகட்டும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளோ வடிகட்டுவதில்லை, குழாய் போலக் கடத்துகின்றன. ஒரு வளவில் ஊற்றியது எந்த வளவுக் கிணற்றில் வெளிப்படும் என்பதை மேலே நின்று சொல்ல முடியாது. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு நிலத்தின் கீழ் எத்துணை பெரிய வெளிகள் உள்ளன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒயில் நீரிலும் இலேசானது. எனவே நீர்மட்டத்தின் மேல் படலமாக நிற்கும். மாரியில் நீர்மட்டம் உயரும்போது படலமும் உயரும், கோடையில் இறங்கும்போது கல்லின் சுவர்களிற் பூசிக்கொண்டு இறங்கும். அடுத்த மாரியில் அச்சுவர்களைக் கழுவிக்கொண்டு மீண்டும் மேலே வரும். ஒருமுறை ஊற்றிய ஒயில் பல மாரிகளுக்குக் கணக்குச் சொல்வது இவ்வாறுதான்.

சுன்னாகம்: எமது வீட்டு உதாரணம்

சுன்னாகம் மின் நிலையச் சுற்றாடலில் கிணற்று நீரில் எண்ணெய் காணப்பட்டமை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாயிற்று. மக்கள் தம் வளவுக் கிணற்றை விட்டுப் பவுசரில் வந்த நீருக்கு வரிசையில் நின்றார்கள். இது பற்றி 2015 இல் அடிப்படை உரிமை மனு ஒன்று தாக்கல் செய்யப்பட்டது. 2019 ஏப்பிரல் 4 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கு மின் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் கம்பனி நிலத்தடி நீர் மாசடைந்தமைக்குப் பொறுப்பு எனக் கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 20 மில்லியன் ரூபா செலுத்துமாறு கட்டளையிட்டது. "மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும்" என்ற கோட்பாடு இத்தீர்ப்பில் இடம்பெற்றது. 1992 ஆம் ஆண்டு ரியோ பிரகடனத்தின் 16 ஆம் கோட்பாடு அதுவே. அரசு சுற்றாடலைப் பாதுகாக்க வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 27(14) ஆம் உறுப்புரையும், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12(1) ஆம் உறுப்புரையும் இதனுடன் சேர்த்து நினைவிற் கொள்ளத்தக்கவை.

கவனிக்க: சுன்னாகத்தில் நடந்தது லொறி விபத்து அன்று. சென்ற தவணை ஒரு மாணவி "எண்ணெய் லொறி கவிழ்ந்ததால்" என்று எழுதியிருந்தார். அவ்வாறு எழுதினால் புள்ளி கிடைக்காது. அங்கு மாசு ஓரிடத்தில் இருந்தபடியே நிலத்துள் இறங்கியது. எனினும் ஏற்றிச் செல்லும் விதிகளைப் புரிந்துகொள்ள இவ்வுதாரணம் மிகவும் உதவும். கழிவு ஒயில் உரிய இடத்துக்கு ஏற்றிச் செல்லப்படாவிட்டால் அது எங்கேயோ நின்றுதான் ஆக வேண்டும். குடாநாட்டில் அந்த "எங்கேயோ" என்பது பெரும்பாலும் எவரோ ஒருவருடைய கிணற்றின் பக்கமாகவே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படைச் சட்டம் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். இச்சட்டத்தின் கீழ் அமைந்ததே மத்திய சுற்றாடல் அதிகார சபை. சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 2008 பெப்ரவரி 1 ஆந் திகதிய 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியாயின. ஆபத்தான கழிவுகள் அவற்றிலே ஓர் அட்டவணையாகத் தரப்பட்டுள்ளன. ஆகவேதான் "அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு" என்ற பெயர். பாவித்த ஒயிலும் ஒயிற் சேறும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவ்விதிகளின் உயிர்நாடி ஒரே வசனத்தில் அடங்கும். அட்டவணைக் கழிவை உற்பத்தி செய்பவர், சேகரிப்பவர், ஏற்றிச் செல்பவர், களஞ்சியப்படுத்துபவர், மீட்டெடுப்பவர், மீள்சுழற்சி செய்பவர், இறுதியாக அகற்றுபவர் ஆகிய ஒவ்வொருவரும் அதிகார சபையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். லொறிக்காரருக்கு மட்டும் உரிமம் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. ஒயில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் இரு கைகளிலும் உரிமம் இருக்க வேண்டும்.

சேர்விஸ் நிலையம் நடத்துபவர் "எங்களிடம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதே" என்று சொல்லக்கூடும். அது வேறு உரிமம். தொழிலை அந்த இடத்தில் நடத்துவதற்கு அது. கழிவைக் கையாள்வதற்கு இது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

லொறியில் ஏற்றும் முன்

வேலை உண்மையில் லொறி வருமுன்னரே தொடங்குகிறது. பாவித்த ஒயிலை வேறொன்றுடனும் கலக்கக்கூடாது. பெற்றோல், தின்னர், பிரேக் ஒயில், ரேடியேற்றர் நீர், பற்றரி அமிலம் எதுவும் சேரக்கூடாது. ஏன்? எஞ்சின் ஒயில் தீப்பற்றும் ஆவியைத் தருவதற்கு ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மேற் சூடாக வேண்டும். பெற்றோலுக்கோ பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையளவே போதும். ஒரு பரல் ஒயிலில் சிறிது பெற்றோலைக் கலந்தால் அது தீப்பற்றும் சரக்காகிவிடுகிறது. சாரதி தான் ஒயில் ஏற்றிச் செல்வதாகவே நினைத்துக்கொண்டு ஓடுவார். மின்மாற்றி ஒயிலைச் சேர்ப்பது இதிலும் மோசம். பழைய மின்மாற்றிகள் சிலவற்றின் ஒயிலில் பிசிபி எனப்படும் நச்சுப் பொருள் இருக்கலாம். 2001 ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் சமவாயம் ஒழிக்க முற்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று. ஒரு லீற்றர் கலந்தாலே முழுப் பரலும் கெடும், பிறகு அதை எந்த மீள்சுழற்சியாளரும் ஏற்கமாட்டார்.

பரல் துருப்பிடித்து ஓட்டையானதாக இருத்தலாகாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். விளிம்புவரை நிரப்பாமல் சிறிது இடைவெளி விட வேண்டும். வெயிலில் ஒயில் விரியும் என்பதைப் பௌதிகவியல் படிக்காதவரும் அறிவர். உள்ளே இருப்பது என்ன, யாருடையது, எப்போது நிரப்பியது என்பது வெளியே எழுதப்பட்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திற் புறப்படும் லொறி அநுராதபுரத்தில் கவிழ்ந்தால் அங்கே உதவிக்கு ஓடி வருபவர் தமிழ் வாசிக்காதவராக இருக்கலாம். மூன்று மொழிகளிலும் எழுதுவதன் பயன் அப்போதுதான் தெரியும்.

லொறியும் பயணமும்

பரல்கள் நிமிர்த்தி வைக்கப்பட்டு, ஒன்றோடொன்று மோதாமல் கட்டப்பட வேண்டும். லொறியின் தட்டில் விளிம்பு உயர்ந்த தட்டமோ தாங்குதொட்டியோ இருந்தால் ஒரு பரல் ஒழுகினாலும் வீதிக்கு வராது. உணவுப் பொருள்களோடு சேர்த்து ஏற்றக்கூடாது. ஒயில் கொண்டுபோன லொறி திரும்பி வரும்போது மா மூடையோ மாட்டுத் தீவனமோ ஏற்றி வருவது எம்மிடையே உள்ள ஒரு சிக்கனம். அதனை நான் சிறிதும் ஆதரிக்கமாட்டேன். தீயணைப்புக் கருவி, மணல் அல்லது மரத்தூள், சவள், வெற்றுப் பரல் ஒன்று, கையுறை ஆகியன லொறியில் இருக்க வேண்டும். பவுசராயின் வாய்க்குழாய் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

வழியில் ஒழுகினால் என்ன செய்வது? எஞ்சினை நிறுத்தி, ஒழுகும் பரலை நிமிர்த்தி, ஒழுக்கைச் சுற்றி மணலால் அணை கட்ட வேண்டும். வாய்க்கால், மதகு, கிணறு இருக்கும் பக்கத்தை முதலில் அடைக்க வேண்டும். பின்னர் பொலிசுக்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ அறிவிக்க வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவுவது மட்டும் கூடவே கூடாது. பார்வைக்கு வீதி துப்புரவாகும், ஆனால் ஒயில் முழுவதும் செம்மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒயில் ஊறிய மணலும் இப்போது கழிவே. அதையும் அள்ளி, அதே லொறியோடு அனுப்ப வேண்டும். இதனை விடையில் எழுதுவோர் மிகச் சிலர்.

குடாநாட்டிலிருந்து தரைவழியாக வெளியேற இரு பிரதான வழிகளே உள்ளன: ஆனையிறவு ஊடாக ஏ9 வீதி, சங்குப்பிட்டிப் பாலம் ஊடாக ஏ32 வீதி. இரண்டும் கடல்நீரேரியைக் கடக்கின்றன. ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கத்து ஒயில் யாழ்ப்பாண நகருக்கு வருவதானால் பண்ணைத் தாம்போதியைக் கடக்க வேண்டும். அங்கே இருபுறமும் நீர், இறால் பிடிப்போரின் வலைகள். நெடுந்தீவின் வள்ளங்களிலிருந்து கழற்றும் ஒயிலோ முதலில் கடலைக் கடந்து குறிகட்டுவானுக்கு வந்த பின்னரே லொறியைக் காணும். எனவே இங்கு பாதை என்பது தூரக் கணக்கு மட்டுமன்று. எந்த இடத்தில் மெதுவாகச் செல்வது, எங்கே நிறுத்தக்கூடாது என்பதும் அதில் அடங்கும்.

கூடவே செல்லும் பத்திரம்

விதிகளுள் மிகச் சாதாரணமாகத் தோன்றி மிகப் பெரிய வேலை செய்வது இதுதான். கழிவோடு ஒரு பத்திரமும் பயணம் செய்கிறது. கொடுத்தவர் அளவை எழுதிக் கையொப்பமிடுவார், சாரதி கையொப்பமிடுவார், பெற்றவர் அளவைப் பார்த்துக் கையொப்பமிட்டு ஒரு பிரதியைக் கொடுத்தவருக்குத் திருப்பி அனுப்புவார். இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி ஏழு பிரதிகள், ஏழு நிறங்களில் தயாரிக்கப்பட வேண்டும். மஞ்சள் அனுப்புபவரிடம் இருக்கும், இளஞ்சிவப்புப் பெறுபவரிடம் இருக்கும், செம்மஞ்சள் ஏற்றிச் செல்பவருக்கு, நீலம் பெற்றவரிடமிருந்து அனுப்பியவருக்குத் திரும்பி வரும். வெள்ளையும் பச்சையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் செல்லும்.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு லொறி 12 பரல் ஏற்றிப் புறப்படுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் 9 பரல் இறங்குகிறது. பத்திரம் இல்லாவிட்டால் இதை அறிபவர் சாரதி ஒருவரே. பத்திரம் இருந்தால் 600 லீற்றர் எங்கே என்ற கேள்வி அடுத்த வாரமே எழும். பரல் வழியில் விற்கப்பட்டதா, பற்றைக்குள் ஊற்றப்பட்டதா என்று தேட ஒரு தொடக்கம் கிடைக்கும். ஊற்றிய இடத்தைக் கிணறு காட்டிக்கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நாடுகளுக்கிடையே கழிவு செல்வதை ஒழுங்குபடுத்தும் 1989 ஆம் ஆண்டு பாசல் சமவாயத்திலும் இதே ஏற்பாடு உண்டு. அதிலே பாவனைக்குதவாத கனிய எண்ணெய்க்கு வை8 என்னும் குறியீடு தரப்பட்டுள்ளது. இலங்கை 1992 இல் இச்சமவாயத்தில் இணைந்தது.

சிறிய கராச்சுக்காரர் என்ன செய்வார்?

இது நியாயமான கேள்வி. மாதம் ஒரு பரல் சேரும் கராச்சுக்காரர் அதற்கெனத் தனியாக லொறி பிடிக்க முடியாது. அமெரிக்க விதிகள் இதற்கு ஒரு வழி விட்டிருக்கின்றன. 55 கலன், அதாவது ஏறத்தாழ ஒரு பரல் வரை, தன் சொந்த வாகனத்திலே அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்லலாம். அதற்கு மேற்பட்டால் இலக்கம் பெற்ற ஏற்றிச்செல்பவரே வேண்டும். அவர் வழியில் ஒயிலை 35 நாளுக்கு மேல் தரித்து வைக்கவும் முடியாது. பக்கத்தில் ஒரு சேகரிப்பு நிலையம் இருக்கும் என்ற எண்ணத்திலேயே இவ்விதி நிற்கிறது. உரிமம் பெற்ற சேகரிப்பாளர் ஒழுங்காக வந்து போகாத ஊரில் கராச்சுக்காரரை மட்டும் குறை கூறுவது முழு நியாயமாகாது என்பது என் கருத்து. ஆனாலும் கோடிப்புறத்தில் ஊற்றுவதற்கு அது சாட்டாகாது.

இன்னொன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் நாங்கள். அக்காலத்தில் கறுப்பு ஒயிலை எவரும் கழிவென்று எண்ணவில்லை. கறையானுக்காகக் கூரை மரத்துக்குப் பூசினார்கள், சீமெந்துக் கல் அரியும் அச்சுக்குத் தடவினார்கள். பஞ்சத்திற் பழகிய அந்தக் கை இன்றும் "ஒரு போத்தல் தாருங்கள்" என்று கராச்சில் கேட்கிறது. அன்றிருந்த வாகனங்கள் எத்தனை, இன்று வீதியில் நிற்பவை எத்தனை என்று எண்ணினால் வேறுபாடு விளங்கும்.

ஒயில் போய்ச் சேரும் இடம்

பாவித்த ஒயிலைச் சுத்திகரித்து மீண்டும் அடிப்படை ஒயிலாக்கலாம், அல்லது உயர் வெப்ப உலையில் எரிபொருளாக்கலாம். புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளை இவ்வாறு ஆபத்தான கழிவுகளை எரித்துவரும் இடமாகும். அங்கே சீமெந்துக் கட்டி உருவாக சுமார் 1450 பாகை செல்சியஸ் வேண்டும். அவ்வெப்பத்திலே ஐதரோகாபன்கள் முற்றாகச் சிதைகின்றன, உலோகங்களிற் பெரும்பகுதி கட்டியோடு பிணைந்துவிடுகிறது. திறந்த வெளியிலோ சிறு சூளையிலோ எரிக்கும்போது இவை இரண்டும் நடப்பதில்லை. உலோகமும் கரியும் புகையோடு அயல் வீட்டுக்குப் போகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, அநுராதபுரம் ஊடாகப் புத்தளம் 250 கிலோமீற்றருக்கு மேல். இவ்வளவு தூரத்துக்கும் செலவாகும் டீசலின் விலையே பலரைக் கோடிப்புறத்துக்குத் திருப்புகிறது. சேகரிப்பாளர் பல கராச்சுகளின் ஒயிலை ஓரிடத்திற் சேர்த்து ஒரே பயணமாக அனுப்பும்போதுதான் அச்செலவு தாங்கும்.

பயிற்சி வினா

(அ) யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் எண்ணெயினால் எளிதில் மாசடைவதற்கான பௌதிகக் காரணிகள் மூன்றினைக் குறிப்பிடுக.
(ஆ) அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவினை ஏற்றிச் செல்பவருக்கு மட்டுமன்றி, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உரிமம் தேவைப்படுவது ஏன்?
(இ) கழிவுடன் செல்லும் பத்திரத்தின் பயனை உதாரணத்துடன் விளக்குக.

விடை எழுதும்போது: (அ) இல் "மண் நல்லதல்ல" என்பது போன்ற பொது வசனங்களைத் தவிர்க்கவும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு, செம்மண்ணின் ஊடுவிடுதன்மை, ஆறின்மை என்று பெயர் சொல்லி எழுதவும். (ஆ) வுக்குச் சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் முதல் வரியிலேயே தரவும். (இ) இல் 12 பரல் உதாரணத்தை அப்படியே பிரதி செய்யாமல் உங்கள் ஊர் கராச் ஒன்றிலிருந்து புறப்படுவதாகச் சொந்தக் கணக்கொன்று போட்டு எழுதுங்கள்.